மெத்தோட்ரெக்ஸேட்: முடக்குவாத மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் சுப்பாராவ் யார்?

ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் வழியில் இருக்கும் நடுவட்டம், ஒருகாலத்தில் மலேரியா மருந்துக்குப் பேர்போன ஊர். 1860-களில் ஆங்கிலேயர் அங்கே சிங்கோனா மரம் வைத்தார்கள். அதன் பட்டையிலிருந்து கொய்னா எடுத்தார்கள். அதே வழியில் பின்னாளில் ஆய்வகத்தில் உருவான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை இன்று முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது.

ஆனால் இந்த நோய்க்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது வேறொன்று, மெத்தோட்ரெக்ஸேட். அதைத் தந்த ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். அண்ணன் ஸ்புரூ என்ற கழிச்சல் நோயில் இறந்துபோனார். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கைக்கு வந்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்துவிட்டு அமெரிக்கா கிளம்பினார்.

ஹார்வர்டில் பெயர் சொல்லும்படி வேலை செய்தும் நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அண்ணனைக் கொண்டுபோன ஸ்புரூவுக்கு அது மருந்தானது!

அடுத்து, ஃபோலிக் அமிலம் மாதிரியே இருந்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அதே குழு உருவாக்கியது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்த முடிவு 1948 ஜூனில் வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53.

மூட்டுக்கும் இந்த மருந்து கேட்கும் என்பது 1951-லேயே தெரிந்தது. ஆனால் அப்போது எல்லோர் கண்ணும் கார்டிசோன் மேல். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை அமெரிக்க அரசு அனுமதிக்க 1988 ஆகிவிட்டது.

முடக்குவாதம் தேய்மானம் அல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது. காலையில் விரல் மடங்காது; தேயிலை பறிப்பவருக்கு அது பிழைப்பையே கெடுக்கும். மெத்தோட்ரெக்ஸேட் குறைந்த அளவில் அந்தத் தாக்குதலை அடக்கும், ஆனால் பலன் தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகும். 'ஒண்ணும் கேக்கலை' என்று பாதியில் விடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஈரலும் ரத்த அணுக்களும் எப்படி இருக்கின்றன என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். வாய்ப்புண், குமட்டல் குறைய டாக்டர் கூடவே எழுதித் தரும் மஞ்சள் மாத்திரை ஃபோலிக் அமிலம். சீட்டில் உள்ள அந்த இரண்டுமே சுப்பாராவின் குழு தந்தவை.