எறும்புகளை ஆராய்ந்த வங்கியாளர்

ஜான் லபக் 1834ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். அவருடைய எட்டாம் வயதில், அறிவியல் அறிஞர் சார்லஸ் டார்வின் அவர் வீட்டிற்கு அருகே குடியேறினார். டார்வினின் நட்பு சிறுவனின் உள்ளத்தில் அறிவியல் ஆர்வத்தை விதைத்தது. பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் வங்கியில் சேர நேர்ந்தபோதும் அந்த ஆர்வம் குன்றவில்லை.

பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான லபக், ஓய்வு நேரங்களில் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே எறும்புகளை வளர்த்தார். ஆயிரக்கணக்கில் கூடி வாழும் எறும்புகள், வேற்றுப் புற்று எறும்பு நுழைந்தால் உடனே தாக்குகின்றன. அவை தம் உறவை எப்படி அறிகின்றன? ஏதோ இரகசியச் சைகையால் என்று சிலர் கருதினர்.

லபக் இதைச் சோதித்தார். இரு புற்றுகளின் எறும்புகளை மதுவால் மயங்கச் செய்து, வண்ணப் பொட்டிட்டு, ஒரு புற்றின் அருகே வைத்தார். மயங்கிய எறும்பால் சைகை காட்ட இயலாது. ஆயினும், புற்றிலிருந்த எறும்புகள் தம் உறவுகளில் பெரும்பாலானவற்றை உள்ளே தூக்கிச் சென்றன. அயல் எறும்புகளில் பெரும்பாலானவற்றை அருகிலிருந்த நீரில் தள்ளின. ஓராண்டுக்கும் மேலாகப் பிரித்து வைத்த எறும்புகளையும் அவற்றின் கூட்டத்தார் ஏற்றுக்கொண்டனர்.

இச்சோதனைகளை 1882இல் லபக் நூலாக வெளியிட்டார். 1913இல் அவர் மறைந்தார். எறும்பின் உடலில் படிந்துள்ள மணமே அதன் அடையாளம் என்பதைப் பிற்கால அறிஞர்கள் கண்டறிந்தனர். முழு விடை லபக்கிற்குக் கிட்டவில்லை. எனினும், தவறான விடையைச் சோதனையால் விலக்கி, அவர்களுக்கு வழியமைத்தவர் அவரே.