வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடிய ருக்மிணி தேவி

பெஹாலா: பிப்ரவரியில் பிறந்து பிப்ரவரியிலேயே மறைந்தவர் திருமதி ருக்மிணி தேவி அருண்டேல். 29-2-1904 அன்று மதுரையில் பிறந்த அம்மையார் 24-2-1986 அன்று சென்னையில் காலமானார். பரத நாட்டியம் என்றதும் அவர் பெயரை நினைக்காத தமிழர் இல்லை. ஆனால் தெருவில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு நாயை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்லும் சட்டம் பிறந்ததற்கும் அவரே காரணம் என்பது பலர் அறியாத செய்தி. பெஹாலாவிலும் பிற பேட்டைகளிலும் தெருநாய்களைப் பற்றிய சச்சரவு ஓயாத இந்நாளில், அம்மையார் வாழ்வின் இந்தப் பகுதியை அறிந்து கொள்வது நல்லது.

அடையாறு தந்த பண்பு

தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டு, ஓய்வு பெற்றபின் குடும்பத்துடன் அடையாற்றில் குடியேறினார். அங்கே அன்னி பெசண்ட் அம்மையாரின் நிழலில் ருக்மிணி வளர்ந்தார். எல்லா உயிரும் ஒன்றே என்ற கொள்கையும் புலால் மறுத்தலும் அங்கே அன்றாட ஒழுக்கமாக இருந்தன. 1920-ல், தமது பதினாறாம் வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். சென்னையில் பலத்த எதிர்ப்பு எழுந்தது; அவர் அசையவில்லை.

ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரை நாட்டியத்தின் பக்கம் திருப்பியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935-ல் அரங்கேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். 1945-ல் கணவரை இழந்தார். இவை எல்லாரும் அறிந்தவை. இனிச் சொல்லப் போவதே அதிகம் பேசப்படாதது.

கல்கத்தா போட்ட பிள்ளையார் சுழி

மிருகவதைத் தடுப்பு வேலை இந்தியாவில் தொடங்கியது நம் நகரில்தான். கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியர் 1861-ல் கல்கத்தா மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ரைட்டர்ஸ் பில்டிங் அருகே அவருக்கு ஒரு நினைவுத் தூண் உண்டு. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைப் பாராமலே கடந்து போகிறார்கள். பிறகு 1890-ல் இந்தியா முழுமைக்குமாக வெள்ளையர் ஆட்சி ஒரு சட்டம் செய்தது. அதன் குறைகள் பல. நகராட்சி எல்லைக்குள் மட்டுமே அது செல்லும். வளர்ப்புப் பிராணிகளுக்கும் பிடித்து வைக்கப்பட்டவற்றுக்கும் மட்டுமே அது பொருந்தும். தண்டனையோ பெயருக்குத்தான். நாடு விடுதலை பெற்ற பிறகும் அதே சட்டம்தான் நீடித்தது.

மாநிலங்களவையில்

1952-ல் குடியரசுத் தலைவர் மாநிலங்களவைக்கு நியமித்த பன்னிருவரில் அம்மையாரும் ஒருவர். கலைஞர் என்ற முறையில் வந்த பதவி அது. அவரோ அதை வாயில்லா ஜீவன்களுக்காகப் பயன்படுத்தினார். 1953-ல் மிருகவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனி உறுப்பினராகக் கொண்டு வந்தார். தனி உறுப்பினர் மசோதா சட்டமாவது அரிதிலும் அரிது. ஆயினும் அவர் பேச்சு அவையை உருக்கியது. பிரதமர் நேரு எழுந்து, அரசே விரிவான சட்டம் கொண்டு வரும் என்று உறுதி கூறி, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக் கொண்டார். அம்மையார் இசைந்தார்.

குழு அமைந்தது. ஆண்டுகள் ஓடின. அவர் விடவில்லை. 1960 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1962-ல் பிராணிகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. அதன் முதல் தலைவர் அம்மையாரே. வாரியத்தின் தலைமையகம் 2018-ல் ஹரியானாவுக்கு மாறும் வரை சென்னையில்தான் இருந்தது.

கருணைக்கும் கொலைக்கும் இடையே

புலால் உண்ணாத, எறும்புக்கும் தீங்கு நினையாத ஒருவரின் முயற்சியால் பிறந்த சட்டத்தில், பிராணியின் உயிரைப் போக்க அனுமதிக்கும் பிரிவும் இருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதன் 13-வது பிரிவைக் கவனித்துப் படித்தால் வியப்பு நீங்கும். பிழைக்க வழியின்றி, எடுத்துச் செல்லவும் முடியாத நிலையில் ஒரு பிராணி கிடக்கிறது. உரிமையாளர் இல்லை, அல்லது இசையவில்லை என்று வைத்துக் கொள்வோம். கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரி அந்தப் பகுதியின் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று மருத்துவர் சான்று தர வேண்டும். அதன் பிறகும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். அவசியமற்ற துன்பமும் நேரக் கூடாது.

அதாவது, மனிதனின் வசதிக்காக அல்ல. அந்தப் பிராணியின் வேதனை தீர்வதற்காக மட்டுமே. தொல்லை என்பதற்காகக் கொல்வது வேறு, துன்பம் தீர்ப்பது வேறு. சட்டம் கோடு கிழித்தது இந்த இடத்தில்தான்.

ஆனால் அந்தக் கோட்டில் ஓர் இடைவெளியும் இருந்தது. தெருநாய்களை அதற்கென உள்ள அறைகளில் இட்டுக் கொல்வது குற்றமாகாது என்று 11-வது பிரிவு விலக்களித்தது. ஆகவே நகராட்சிகளின் நாய் வண்டிகள் வழக்கம் போல ஓடின. சென்னையில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். வேறு ஊர்களில் விஷ ஊசி போட்டார்கள். அம்மையார் வாரியத் தலைவராக இருந்த காலத்தில், 1982-ல், சட்டம் திருத்தப்பட்டது. இதயத்தில் ஸ்டிரிக்னின் ஊசி ஏற்றித் தெருநாயைக் கொல்வது குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அவர் மறைந்தார். வாரியத் தலைமை இறுதி வரை அவரிடமே இருந்தது.

அம்மையாருக்குப் பின்

சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை 1996-ல் நிறுத்தியது. 2001-ல் மத்திய அரசு கருத்தடை விதிகளை வகுத்தது. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது அவற்றின் சாரம். கருணைக் கொலை, தீராத நோயுற்ற அல்லது மரண காயமடைந்த நாய்க்கு மட்டுமே. அதுவும் தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் கையால், மயக்க மருந்தின் மூலம். ஒரு நாயின் முன்னிலையில் இன்னொரு நாயின் உயிரைப் போக்கக் கூடாது என்றும் விதி சொன்னது. 2023-ல் இவற்றுக்குப் பதிலாகப் புது விதிகள் வந்தன, அடிப்படை மாறவில்லை.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, பதினோரு நாட்களில் அதைத் திருத்தியது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. நாய்க்கடியால் வெறிநோய் கண்டு மாண்ட குழந்தைகளை எண்ணினால், அச்சத்தை யாரும் குறை கூற முடியாது. ஆனால் காப்பகத்தில் இடம் போதவில்லை, தீனிக்குப் பணமில்லை என்பதெல்லாம் உயிரைப் போக்கக் காரணமாகாது என்பதை மறந்துவிடலாகாது.

பதவியை நாடாதவர்

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய், குடியரசுத் தலைவர் பதவிக்கு அம்மையாரை நிறுத்த விரும்பினார். அவர் பணிவுடன் மறுத்துவிட்டார். நம் வங்காளத்தின் விசுவபாரதி, தேசிகோத்தம விருதளித்து அவரைப் பெருமைப்படுத்தியது.

அவர் விட்டுச் சென்ற வேலை இன்னும் முடியவில்லை. மிருகவதைக்கு முதல் தடவை அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். சௌரஸ்தாவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அதைவிட அதிகம் ஆகும். பிராணியைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ ஐந்தாண்டு வரை சிறை என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதா கூறுவது ஓரளவு ஆறுதல்.

டயமண்ட் ஹார்பர் சாலையில் லாரி மோதி ஒரு நாய் துடித்துக் கொண்டிருந்தால், கல்லைத் தூக்கிப் போட்டு முடிப்பதும் கருணையல்ல. கண்டும் காணாமல் போவதும் கருணையல்ல. மருத்துவரை அழைப்பதே முதற் கடமை. அதற்குச் சட்டத்தில் வழி செய்து வைத்தது, மதுரையில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்மணியின் விடாமுயற்சி.