ஏடு தேடிச் சென்ற தனிநாயகம் அடிகள்



ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும், அது பட்டதாரிகளின் அலுவல், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நீங்கள் எண்ணக்கூடும். நமது தீவுப் பகுதியிற் பிறந்து, உலகின் பெரிய நூலகங்களையெல்லாம் நாடிச் சென்ற ஒரு குருவானவரின் வாழ்க்கையை அறிந்தால் அவ்வெண்ணம் மாறும். தனிநாயகம் அடிகளாரின் பெயரை அறியாத தமிழர் சிலரே. ஆயினும் அவர் சிலைக்கு மாலை சூட்டுவோர் பலருக்கு அவர் செய்த வேலை இன்னதென்று தெரியாது.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பனிற் பிறந்தார். சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்பதே அவருக்கு முதலில் வழங்கிய பெயர். தனிநாயகம் என்ற முன்னோர் பெயரைப் பின்னரே சூடிக்கொண்டார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்று, கொழும்பு புனித பேர்னாட் குருமடத்திற் சேர்ந்தார். 1934இல் உரோமைக்கு அனுப்பப்பட்டார்.

உரோமையில் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்த பொருள், மூன்றாம் நூற்றாண்டில் புனித சிப்பிரியான் ஆயராயிருந்த காலத்துக் கார்த்தேஜ் நகரின் குருக்களைப் பற்றியது. அந்த ஆயர் எழுதிய இலத்தீன் கடிதங்களே அதற்கு முதன்மையான சான்றுகள். பழங் கடிதங்களிலிருந்து ஒரு சமூகம் வாழ்ந்த முறையைப் படிப்படியாக உய்த்தறியும் பயிற்சி அங்கேதான் அவருக்குக் கிட்டியது. பிற்காலத்தில் தமிழுக்கு அவர் செய்த தொண்டுக்கு அப்பயிற்சியே அடிப்படை.

1939இல் உரோமையை விட்டுத் திரும்பியவர், தமிழ்நாட்டின் தூத்துக்குடி மறைமாவட்டத்திற் பணியேற்றார். வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராயிருந்த அந்த ஆண்டுகளில் ஓர் உண்மை அவருக்கு உறைத்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்ற அவருக்குத் தாய்மொழி இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லை. இருபத்தேழு வயதுக்கு மேல், குருப்பட்டமும் கலாநிதிப் பட்டமும் பெற்ற பின், தமிழை முறையாகப் படிக்க உட்கார்ந்தார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகவே சேர்ந்தார். எம்.ஏ. பட்டத்துக்குப் பின் சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து எம்.லிற். பட்டமும் பெற்றார். கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு நம் ஐந்திணையை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது.

தமிழர் தம் பழம்பெருமையைத் தமக்குள் பேசி மகிழ்வதால் உலகம் அதை ஏற்காது என்பதை அடிகளார் நன்கு உணர்ந்தார். பிறரும் சரிபார்க்கக்கூடிய சான்றுகளை, பிறர் அறிந்த மொழியில் வைக்க வேண்டும். அதற்காகவே 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராயிருந்தபோதே 1955 முதல் 1957 வரை இலண்டனில் தங்கி, பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து மற்றொரு கலாநிதிப் பட்டம் பெற்றார்.

ஐரோப்பிய நூலகங்களில் அவர் தேடியதன் பயன் பெரிது. 1554இல் லிஸ்பனில் அச்சான ஒரு சிறு ஞானோபதேச நூலைத் தமிழறிஞரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதிலுள்ள தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டவை. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இற்றான் கொல்லத்தில் வெளிவந்தது. வத்திக்கான் நூலகத்தில், புரோயென்சா பாதிரியார் தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதி இருந்தது. எஞ்சிய அந்தப் பிரதியைப் படமெடுத்து, 1966இல் மலாயாவில் அச்சேற்றினார். சீயத்து அரச சடங்குகளில் நம் திருவெம்பாவை புகுந்திருப்பதையும் எழுதினார். கத்தோலிக்கக் குரு ஒருவர் சைவத் திருப்பாடலின் தடத்தைக் கடல் கடந்து தேடியது அக்காலத்திற் பலருக்கு வியப்பாயிருந்தது. அவருக்கோ அது தமிழரின் வரலாறு.

1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியற் பேராசிரியராயிருந்தார். 1964 சனவரியில் புதுடில்லியிற் கீழைத்தேயவியல் மாநாட்டுக்கு வந்திருந்த அறிஞரை ஒன்றுகூட்டி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவ முன்னின்றார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், பின்னையவை 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும் நடைபெற்றன. நான்காவது 1974இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதன் நிறைவாக சனவரி 10ஆம் நாள் கூடிய மக்களில் ஒன்பது பேர் உயிரிழந்த துயரத்தை நீங்கள் அறிவீர்கள். 1980 செப்டெம்பர் 1ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டே யாழ்ப்பாணப் பொது நூலகம், ஏறக்குறைய 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரிக்கப்பட்டது.

வாசகரே, இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒருவர் வாழ்நாளெல்லாம் உலகெங்கும் ஒவ்வொரு நூலாகத் தேடினார். நம்மிடமிருந்தவை ஓரிரவில் சாம்பலாயின. 1990இலும் 1991இலும் தீவுப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது விட்டுச் சென்ற பெட்டகங்களில் எத்தனை உறுதிகளும் கடிதங்களும் மண்ணோடு மண்ணாயின!

ஆயினும் எல்லாம் அழியவில்லை. யாழ்ப்பாண அரசு 1619இல் வீழ்ந்தது. 1658 வரை போர்த்துக்கேயரும் அதன்பின் ஒல்லாந்தரும் ஆண்டனர். நெடுந்தீவுக் கோட்டையையும் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையையும் கட்டியவர்களின் கடிதங்களும் கணக்குகளும் லிஸ்பனிலும் ஹேக்கிலும் கொழும்புச் சுவடிகள் காப்பகத்திலும் இருக்கின்றன. அவற்றை வாசிக்க மொழி வேண்டும், பொறுமை வேண்டும். இறுப்பிட்டியிலிருந்தோ நாரந்தனையிலிருந்தோ நெடுந்தீவிலிருந்தோ பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளை, பட்டத்துக்குப் பின்னும் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். வரலாறு சோறு போடுமா என்று கேட்காதீர்கள். போர்த்துக்கேயமோ ஒல்லாந்தமோ கற்றுக்கொள் என்று ஊக்குவியுங்கள். இருபத்தேழு வயதுக்கு மேல் தமிழ் கற்கத் தொடங்கிய கரம்பன் மகனை அப்பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிற் பழைய உறுதியோ, சாதகக் கட்டோ, மலாயாவிலிருந்து பாட்டனார் எழுதிய கடிதமோ இருக்கிறதா? செல்லரிக்குமுன் எடுத்துத் துடைத்து வையுங்கள், படமெடுத்து வையுங்கள். கோவிற் கணக்கேடும் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடும் அப்படியே காக்கப்பட வேண்டியவை. பழைய தாளென்று அடுப்பிலிடுமுன், விவரம் அறிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.