மரவளையத்தில் மழையை வாசிக்க வழிவகுத்த ஹெரால்ட் யூரி

மழைமானியோ வெப்பமானியோ இல்லாதிருந்த நூற்றாண்டுகளின் காலநிலையை, மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு இன்று விஞ்ஞானிகள் அறிந்து வருகின்றனர். வளையத்தின் அகலத்தை அளப்பது பழைய முறை. வளையத்திலுள்ள காபன், ஒட்சிசன் ஆகியவற்றின் சமதானிகளைக் கணக்கிடுவது அதனினும் நுட்பமான முறை. இத்துறைக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்க இரசாயனவியலாளர் ஹெரால்ட் யூரி ஆவார்.

இந்தியானா மாநிலத்தில் 1893 இல் பிறந்த யூரி, ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். கிராமப் பாடசாலைகளில் ஆசிரியப் பணியாற்றிய பின்னரே பல்கலைக்கழகம் புகுந்து, முதலில் விலங்கியலும் பின்னர் இரசாயனவியலும் கற்றார். ஒரே மூலகத்தின் அணுக்கள் இரசாயன இயல்பில் ஒத்திருந்தும் திணிவில் வேறுபடுவதுண்டு. அவையே சமதானிகள் எனப்படுகின்றன. ஐதரசனின் பாரமான சமதானியாகிய டியூட்டீரியத்தை 1931 இல் கண்டறிந்தமைக்காக 1934 ஆம் ஆண்டின் நோபல் பரிசு யூரிக்கு வழங்கப்பட்டது. பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைத் தம்முடன் உழைத்த இருவருக்கும் அவர் பகிர்ந்தளித்தார்.

இரண்டாம் உலகப்போர் அவரது அறிவை வேறு திசையில் இழுத்துச் சென்றது. யுரேனியத்தின் சமதானிகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் தலைமை தாங்கினார். அணுகுண்டுத் திட்டத்தின் முக்கிய பணிகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் 1945 மே மாதத்தில், குண்டின் விளைவுகள் குறித்து எச்சரிப்பதற்காக லியோ சிலார்டுடன் சென்று அரசியல் தலைவர் ஜேம்ஸ் பேர்ன்ஸைச் சந்தித்தார். அம்முயற்சி பயனளிக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஹிரோஷிமா அழிந்தது. அதன் பின்னர் அணு ஆயுதப் போட்டிக்கு எதிராக ஐன்ஸ்டைனுடன் இணைந்து அவர் குரல் கொடுத்தார்.

சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்ற யூரி, தமது பழைய அறிவையே புதிய கேள்வியொன்றின் பக்கம் திருப்பினார். கடல்வாழ் உயிரினங்களின் ஓட்டில் பாரமான ஒட்சிசன் சேரும் விகிதம் நீரின் வெப்பநிலைக்கேற்ப மாறும் என 1947 இல் வெளியான கட்டுரையில் அவர் கணித்துக் காட்டினார். ஒரு பாகை வெப்பநிலைக்கு இவ்விகிதத்தில் ஏற்படும் மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவாகும். அதனை அளக்கவல்ல கருவியை அமைப்பதற்கே பெருமுயற்சி தேவைப்பட்டது. யூரியும் அவரது குழுவினரும் 1951 இல் வெளியிட்ட ஆய்வில், 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்ததாகக் கணிக்கப்பட்ட கடலுயிர் ஒன்றின் சுவட்டில் கோடையும் குளிர்காலமும் மாறி மாறிப் பதிந்திருந்தமை புலப்பட்டது.

அக்குழுவைச் சேர்ந்த சாமுவேல் எப்ஸ்டைன், 1970 களில் கலிபோர்னியாவில் இவ்வழியை மரங்களுக்கு எடுத்துச் சென்றவர்களுள் ஒருவர். வரட்சியின்போது நீரிழப்பைத் தடுக்க இலைவாய்கள் ஒடுங்குகின்றன. அவ்வேளை பாரமான காபனை ஒதுக்கும் வாய்ப்பு மரத்துக்குக் குறைவதால், அவ்வாண்டு வளையத்தில் காபன்-13 கூடுதலாகச் சேர்கிறது. அயனமண்டலத்தில் பெருமழை நீரில் ஒட்சிசன்-18 குறைந்திருக்கும். வேர் உறிஞ்சும் அந்நீரின் அடையாளம் மரத்தின் செலுலோசில் தங்கிவிடுகிறது. ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தோன்றாத அயனமண்டல மரங்கள் சிலவற்றிலும் இவ்வாறே பருவங்களை எண்ண முடிகிறது. மழைப் பதிவுகள் குறுகிய பருவமழை நாடுகளுக்கு இது பேருதவியாகும். கடந்தகால வரட்சிகளின் அளவை அறியாமல், வருங்கால வரட்சிக்குக் குளங்களையும் பயிர்ச்செய்கையையும் ஆயத்தப்படுத்துவது கடினம்.

யூரி 1981 ஜனவரியில் காலமானார். அணுக்களின் திணிவிலுள்ள சிறு வேறுபாடு ஒரு நகரை எரிப்பதற்கும் பயன்பட்டது. பூமியின் பழைய காலநிலையை அறிவதற்கும் பயன்பட்டது. விஞ்ஞானம் தானாக வழியைத் தெரிவு செய்வதில்லை. அதனைக் கையாளும் மனிதரே தெரிவு செய்கின்றனர் என்பதற்கு அவரது வாழ்வு சான்றாக நிற்கிறது.