ஏரி கட்டிய கலெக்டர்

பொட்டிபுரத்துல இருந்து பார்த்தா ஒரு பக்கம் ஏலக்காய் மலை, வடக்கே தள்ளி கொடைக்கானல் மலை. லீவு விட்டா நாம கொடைக்கானல் போய் படகு ஓட்டிட்டு வருவோம். ஆனா அந்த ஏரி ஒரு மனுஷன் உருவாக்கினதுன்னு, சிவில் படிக்க வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

அவர் பேர் வெரே ஹென்றி லெவிஞ்ச். பிறந்தது 1819. அயர்லாந்துல ஒரு பிரபுக் குடும்பம். 1860-கள்ல மதுரை கலெக்டர். அப்போ நம்ம போடியும் மதுரை ஜில்லாவில்தான் இருந்தது. 1863-ல் கொடைக்கானல் சதுப்பு நிலத்துல ஓடிய ஓடைகளைக் கரை போட்டு மறித்தார். நட்சத்திர வடிவத்துல சுமார் 60 ஏக்கர் ஏரி உருவானது. பாசனத்துக்கு இல்லை, பொழுதுபோக்குக்கு. தூத்துக்குடியில் இருந்து முதல் படகை வரவழைத்தார், மீன்களை விட்டார். அன்னைக்கு மலைக்கு வண்டி ரோடே கிடையாது. ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலிலேயே தங்கினார். 1884-ல் குடும்பத்தின் பேரனட் பட்டம் வந்தது. அடுத்த வருஷமே இறந்துட்டார்.

அவர் இறந்து நாலு வருஷத்துல, 1889 மே 31 அன்று, அமெரிக்காவில் சவுத் ஃபோர்க் அணை உடைந்தது. அதுவும் பணக்கார கிளப் ஒன்றின் உல்லாச ஏரிதான். அடிமதகுக் குழாய்களை யாரோ எப்பவோ கழட்டியிருந்தாங்க, கிளப் திரும்ப வைக்கவே இல்லை. வண்டி போக வசதியா கரையின் உச்சியைத் தாழ்த்தினாங்க. மீன் தப்பிக்கக் கூடாதுன்னு மறுகாலில் கம்பி வலை கட்டினாங்க. பெருமழையில் வலையில் குப்பை அடைத்தது, தண்ணீர் கரை மேல ஏறியது. மண்கரை மேல தண்ணீர் வழிந்தால் மண் அரிக்கும், அப்புறம் உடைப்புதான். கீழே ஜான்ஸ்டவுனில் 2200 பேருக்கு மேல செத்தாங்க.

அது 72 அடி உயர அணை. கொடைக்கானல் ஏரியின் சராசரி ஆழம் 3 மீட்டர்தான். ரெண்டும் ஒண்ணு இல்லை. ஆனா மண்கரைக்கு விதி ஒண்ணுதான்: மறுகால் அடையக் கூடாது, கரையில் பெரிய மரம் வளரக் கூடாது, கசிவு கலங்கலா வந்தால் உடனே பார்க்கணும். நம்ம 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல உள்ள அணைகளுக்கும், சில நிபந்தனையோட 10 முதல் 15 மீட்டர் உள்ளவைக்கும்தான். அதைவிடச் சின்னக் கரைகளை உள்ளூர் ஆட்கள்தான் கண்ணு வெச்சுப் பார்த்துக்கணும். உயரம் சின்னதா இருக்கலாம், கீழே யார் குடியிருக்காங்க என்பதுதான் ஆபத்தின் அளவு.

லெவிஞ்ச் ஏரியைக் கட்டிட்டு, கிட்டயே வாழ்ந்தார். இன்னைக்கு அது யார் பொறுப்பு? மலை ஏறும்போது நாம செல்ஃபி எடுக்கிற சில்வர் கேஸ்கேட் அருவி, அந்த ஏரி நிறைந்து வழியும் தண்ணீர்தான். அடுத்த தடவை படகு டிக்கெட் எடுக்கும் முன்னாடி, ஏரியில் தண்ணீர் வெளியேறும் இடத்தை ஒரு நிமிஷம் போய்ப் பாருங்க. பிளாஸ்டிக் அடைச்சிருந்தால் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுங்க.