ரிப்பேர்காரர் ஜேம்ஸ் வாட்



ஜேம்ஸ் வாட் என்றதும் கெட்டில் மூடி ஆவியில் துள்ளிய கதைதான் நமக்கு ஞாபகம் வரும். அதைப் பார்த்துத்தான் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று சின்ன வகுப்பில் படித்தோம். ஆனால் வாட் பிறந்தது 1736-ல். நியூகோமனின் இயந்திரம் 1712-லேயே இங்கிலாந்துச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டது. வாட் முதலில் செய்தது ரிப்பேர்!

ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுகத்துக்காரர். அப்பாவின் பட்டறையில் சின்ன வயதிலேயே கருவி பிடித்தவர். லண்டனில் ஒரே ஒரு வருஷம் கருவி செய்யும் தொழில் கற்றுக்கொண்டு கிளாஸ்கோவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் முறையான பயிற்சி என்றால் 7 வருஷம். அது இல்லாமல் ஊருக்குள் கடை போடுவது கஷ்டம். (டிப்ளமோதானா என்று நம்மைக் கேட்கிறார்களே, அந்த மாதிரிதான்.) பல்கலைக்கழகம் கைகொடுத்தது. ஜமைக்காவிலிருந்து கப்பலில் வந்த வானியல் கருவிகளைத் துடைத்துச் சரிசெய்து கொடுத்தார். கூலி 5 பவுன். 1757-ல் வளாகத்துக்குள்ளேயே ஓர் அறை கிடைத்தது. அளவுகருவி மட்டுமல்ல, புல்லாங்குழல், கிடார் வேலையும் பார்த்தார்.

1763 குளிர்காலத்தில் நியூகோமன் இயந்திரத்தின் மாடல் ஒன்று அவர் மேஜைக்கு வந்தது. சிலிண்டர் 2 அங்குல விட்டம்தான். லண்டன் நிபுணரிடம் போயும் சரியாகாத சாமான். வாட் சரிசெய்தார், ஓடியது. ஆனால் நாலு அடி அடித்ததும் கொதிகலனில் ஆவி தீர்ந்து நின்றுபோச்சு. வேறு ஆளாக இருந்தால், என் வேலை முடிஞ்சுதுன்னு கூலியை வாங்கிக்கிட்டுப் போயிருப்பார். இவர் விடவில்லை. ஆவி எங்கே போகிறது? அளந்து பார்த்தார். சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சி ஆவியைச் சுருக்குவதால், ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டர் ஆறிப்போகிறது. அடுத்து வரும் ஆவியில் பெரும்பங்கு அதைச் சூடாக்கவே செலவாகிறது!

1765-ல் கிளாஸ்கோ பசுமைத் திடலில் நடந்துகொண்டிருந்தபோது விடை கிடைத்தது. ஆவியைத் தனிப் பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிரவைத்தால் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும். அதுதான் தனிக் குளிர்விப்பான். 1769-ல் காப்புரிமை. பணமில்லாமல் கால்வாய் சர்வே வேலைக்கெல்லாம் போய், போல்ட்டனோடு கூட்டுச் சேர்ந்து, 1776-ல்தான் பெரிய இயந்திரங்கள் ஓடின. 1819-ல் மறையும்வரை வீட்டு மாடியறைப் பட்டறையை அவர் விடவில்லை. அந்தப் பட்டறை இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மாடல் கிளாஸ்கோவிலேயே இருக்கிறது.

இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்க வீட்டு மிக்ஸி. நின்றுபோச்சு. கடையில் கழட்டிக்கூடப் பார்க்காமல் புதுசு வாங்கச் சொன்னார்கள். அப்பா சம்பளத்தில் அது சின்னத் தொகையில்லை. நானே கார்பன் பிரஷ் மாற்றினேன், ஓடியது. இரண்டே மாதத்தில் பிரஷ் மறுபடியும் தேய்ந்து, ஒரே தீப்பொறி. இன்னொரு ஜோடி வாங்கக் கிளம்பியவன் வாட்டை நினைத்து உட்கார்ந்தேன். பிரஷ் ஏன் தேயுது? ஆர்மேச்சரை வெளியே எடுத்தேன். கம்யூட்டேட்டரில் செம்புப் பட்டைகள் தேய்ந்து, இடையிலிருந்த மைக்கா மேலே தூக்கி நின்றது. பிரஷ் அதில் மோதி மோதித் துள்ளியிருக்கிறது. உடைந்த ஹாக்ஸா பிளேடு துண்டால் ஒவ்வொரு இடுக்காக மைக்காவைச் சுரண்டித் தாழ்த்தினேன். ஒரு ஞாயிறு முழுக்க ஆச்சு.

ஆறு மாசமா ஓடுது. அம்மா மட்டும் சட்னி அரைக்கும்போது இன்னும் ஒரு கையை ஸ்விட்ச்சிலேயே வைத்திருக்கிறார்.