‘சிக் லீவு’ சம்பளத்தை முதலில் சட்டமாக்கியவர் தொழிலாளர் தலைவரா? இல்லை, பிஸ்மார்க்!

காய்ச்சல்னு நாலு நாள் படுத்தால் சம்பளம் கட் ஆகிடுமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்கு நாடு தழுவிய கட்டாயச் சட்டம் மூலம் முதலில் பதில் சொன்னது ஜெர்மனி. கொண்டுவந்தவர், சோஷலிஸ்ட்களைக் கண்டாலே ஆகாத ஓட்டோ வான் பிஸ்மார்க்!

யார் இவர்?

1815 ஏப்ரல் 1-ல் ஷோன்ஹவுசனில், நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். 1862-ல் பிரஷ்யாவின் பிரதமர். டென்மார்க், ஆஸ்திரியா, பிரான்ஸ் என மூன்று போர்களுக்குப் பிறகு, 1871-ல் ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல் சான்சலர்.

திடீர்னு ஏன் இந்த அக்கறை?

ஆலைகள் பெருகப் பெருக, தொழிலாளர்கள் சோஷலிஸ்ட்கள் பக்கம் சாய்ந்தார்கள். 1878-ல் பேரரசர் மீது இரண்டு கொலை முயற்சிகள் நடந்தன. அதையே காரணம் காட்டி, சோஷலிஸ்ட்களின் அமைப்புகள், கூட்டங்கள், பத்திரிகைகளுக்குத் தடை போட்டார் பிஸ்மார்க். ஆனால் அடக்குமுறை மட்டும் போதாது. அரசால் பலன் கிடைத்தால் தொழிலாளி அரசு பக்கம் நிற்பான் என்பது அவர் போட்ட கணக்கு.

1883 சட்டம் என்ன சொன்னது?

ஆலைத் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. நோய் வந்தால் டாக்டர், மருந்து இலவசம். வேலைக்குப் போக முடியாவிட்டால் முதல் சில நாட்கள் கழித்து பாதிக் கூலி, 13 வாரம் வரை. பணம் முதலாளி தயவில் அல்ல, நிதியிலிருந்து உரிமையாக வந்தது. அதுதான் பெரிய மாற்றம். விவசாயக் கூலிகள் பெரும்பாலும் இதற்கு வெளியேதான் இருந்தார்கள்.

1884-ல் விபத்துக் காப்பீடு, 1889-ல் 70 வயதுக்கு மேல் பென்ஷன் என அடுத்தடுத்து சட்டங்கள் வந்தன.

கணக்கு பலித்ததா?

இல்லை. தொழிலாளர்கள் பலனையும் வாங்கிக்கொண்டார்கள், ஓட்டையும் மாற்றிப் போட்டார்கள். 1890 தேர்தலில் அதிக வாக்குகள் பெற்றது சோஷலிஸ்ட் கட்சிதான். அதே ஆண்டு மார்ச்சில், இளம் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முடன் மோதலாகி பதவி விலகினார். 1898 ஜூலை 30-ல் 83 வயதில் இறந்தார். அவர் போட்ட தடைச் சட்டம் 1890-லேயே காலாவதியானது. காப்பீடு மட்டும் நிலைத்தது.

நமக்கு என்ன சம்பந்தம்?

1948-ல் இந்தியா கொண்டுவந்த இ.எஸ்.ஐ சட்டமும் இதே காப்பீட்டு வழிதான். தகுதியுள்ள தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் 70% ஊதியம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். 91 நாள் என்றால் எத்தனை வாரம்? சரியாக 13.